முனைக்கு ஓர் அங்குலம் முன்னால்

மேலக்கரட்டில் மலர்க்கொடியிடம் ரவிக்கை தைக்கக் கொடுத்த எல்லோருக்கும் ஒரு விஷயம் தெரியும். எந்தக் கிழமை துணியைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அவள் வாயிலிருந்து வரும் பதில் ஒன்றுதான்: "வெள்ளிக்கிழமை வாங்கிக்கங்க." எந்த வெள்ளிக்கிழமை என்று திருப்பிக் கேட்கும் அளவுக்கு விவரமானவர்கள் ஊரில் குறைவு. கேட்டவர்களும் கடைசியில் கல்யாணத்துக்கு முதல் நாள் கடை வாசலில் நின்று, அவள் கொக்கி கட்டி முடிக்கும்வரை காத்திருந்து வாங்கிப் போனவர்கள்தான். அப்படியும் அவளை விட்டு வேறு கடைக்குப் போகமாட்டார்கள். அவள் தைத்ததைப் போட்டால் எங்கும் சுருங்காது, எங்கும் பிடிக்காது, கையைத் தூக்கினால் மேலே ஏறாது.

அந்த மலர்க்கொடி தன் வாழ்நாளில் ஒரே ஒரு வேலையைத்தான் சொன்ன வெள்ளிக்கிழமையில் முடித்துக் கொடுத்தாள். அது ரவிக்கை இல்லை.

அவள் புருஷன் சுருளிவேல், கரட்டுக்குள் இருந்த ஆய்வு நிலையத்தில் எலெக்ட்ரீசியன். ஊருக்கு மேற்கே நிற்கும் அந்தச் சின்ன மலையைக் குடைந்து, உள்ளே வட்டமாக ஒரு கூடம் கட்டி, கூடத்தைச் சுற்றி இருபத்து நாலு தூண்கள் நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொரு தூணும் ஒரு இயந்திரம். இடத்தையே வளைத்துப் பார்க்கும் ஆராய்ச்சி என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். இடத்தை எப்படி வளைப்பார்கள், அது என்ன கம்பியா தகடா என்று மலர்க்கொடி ஒருநாள் கேட்டாள். சுருளிவேல் சோற்றைப் பிசைந்தபடியே, தனக்கு ஒயரிங் மட்டும்தான் தெரியும் என்று சொல்லிவிட்டான்.

அவன் அவ்வளவுதான் பேசுவான். கல்யாணமாகிப் பதினேழு வருஷம். பிள்ளை இல்லை. அதைப் பற்றிப் பேசுவதை ஒரு கட்டத்தில் இருவரும் நிறுத்திக்கொண்டார்கள், அதோடு சேர்ந்து மற்றப் பேச்சும் குறைந்துபோனது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று "மலரு" என்பான். அவள் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் "ம்" என்பாள். "மோட்டாரை அணைக்க மறந்துறாத" என்பான். மாடித் தொட்டி நிறைந்து தண்ணீர் தெருவில் ஓடுவது அவர்கள் வீட்டில் வாரம் இரண்டு முறை நடக்கும் சமாசாரம். ஆசை, அன்பு, கோபம் எல்லாவற்றையும் அந்த மோட்டாரை வைத்தே அவன் சொல்லி முடித்துவிடுவான்.

ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு, டாக்டர் ரெபேக்கா கடைக்கு வந்தாள். நிலையத்தில் கணக்குப் போடும் விஞ்ஞானி. மூன்று வெள்ளிக்கிழமைகளாக அவளுடைய ஊதா ரவிக்கைத் துணி வெட்டியபடியே மூட்டையில் கிடந்தது. அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து மலர்க்கொடி சமாதானம் சொல்ல வாயெடுத்தாள். ரெபேக்காவின் முகத்தைப் பார்த்ததும் மெஷினை விட்டு எழுந்தாள்.

நடந்தது இதுதான். பத்தரை மணிக்குச் சுருளிவேல் கூடத்தின் நடுவில் நின்று ஒரு விளக்கை மாற்றிக்கொண்டிருந்தான். ஆள் உள்ளே இருப்பதைப் பார்க்காமல் சோதனையை ஆரம்பித்துவிட்டார்கள். சோதனையும் நினைத்தபடி போகவில்லை. கூடத்துக்குள் இடம் வீங்கிவிட்டது.

மலர்க்கொடியை உடனே அழைத்துப் போனார்கள். கூடத்தை வெளியிலிருந்து பார்த்தால் ஒரு மாற்றமும் இல்லை. சுவரை ஒட்டிச் சுற்றி நடந்தால் அதே ஐம்பது எட்டு. கதவைத் திறந்தால்தான் வித்தியாசம் தெரிந்தது. சிமென்டுத் தரை நீண்டுகொண்டே போனது. நாற்பதடிக் கூடத்தின் எதிர்ச் சுவரைக் காணோம். பார்வை எட்டிய தூரம் வரை தரை, அதற்கு அப்பால் மங்கலான சாம்பல் நிறம், அந்தச் சாம்பலுக்குள் எங்கேயோ அவள் புருஷன்.

அவள் கையில் ஒரு வாக்கி டாக்கியைக் கொடுத்தார்கள், இன்னொன்று அவன் இடுப்பில் இருந்தது. அவள் அதை வாயருகே கொண்டுபோனாள். அவன்தான் முதலில் பேசினான்.

"மலரு."

"ம்."

"வாசல் அஞ்சு எடத்துல தெரியுது. எது நெசம்னு புரியல."

பக்கத்தில் நின்ற ரெபேக்கா, ஐந்துமே நிஜம்தான் என்றாள். உள்ளே இடம் வளைந்து கிடப்பதால் ஒரே வாசலின் வெளிச்சம் ஐந்து வழியாக வளைந்து அவன் கண்ணுக்குப் போகிறது. ஒரு வழி குறுக்கு, ஒரு வழி சுற்று. எது எது என்று அவனால் சொல்ல முடியாது.

தண்ணீர் இருக்கிறதா என்று மலர்க்கொடி கேட்டாள். நடுவில் ஒரு கேன் வைத்திருந்தார்கள், அதைத் தூக்கிக்கொண்டுதான் நடக்கிறேன், காலையில் கட்டிக் கொடுத்த தயிர்ச் சோறும் இருக்கிறது என்றான். நடுவில் தெரிகிற வாசலை நோக்கி வருவதாகச் சொன்னான். நூறு எட்டுக்கு ஒருமுறை கூப்பிடுவானாம், அவள் ம் கொட்ட வேண்டுமாம், அப்போதுதான் ரேடியோ வேலை செய்கிறதா என்று தெரியுமாம். கடைசியாக, மோட்டாரை அணைத்தாயா என்று கேட்டான். அவள் அணைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு அணைக்கச் சொன்னாள்.

அன்று முழுவதும் கதவருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, நூறு எட்டுக்கு ஒருமுறை ம் கொட்டினாள். சாயங்காலத்துக்குள் அவன் இருபதாயிரம் எட்டுக்கு மேல் நடந்திருந்தான். அவன் நடந்த வேகத்தைவிட இடம் வளர்ந்த வேகம் அதிகம். மணிக்கு ஒருமுறை அவன் டார்ச் அடிக்க, அந்த வெளிச்சத்தைக் கருவிகளால் பிடித்துத் தூரத்தை அளந்தார்கள். செவ்வாய் மதியம் இரண்டு கிலோமீட்டர், புதன் காலை ஐந்து.

புதன்கிழமை இரண்டு பேர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் உள்ளே போனார்கள். கதவில் ஒரு விரற்கடை திசை தவறினால் உள்ளே ஒரு மைல் தவறிவிடுகிறது என்று போனபிறகுதான் தெரிந்தது. கயிறு இடத்தோடு சேர்ந்து இழுபட்டு அறுந்தது. அந்த இரண்டு பேரும் வாசல் வந்து சேர்ந்ததே தெய்வச் செயல். சுருளிவேலின் குரலும் தேய்ந்துகொண்டே வந்தது. முதலில் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல இருந்தது, பிறகு வெறும் இரைச்சலாகிவிட்டது. அன்று பிற்பகலுக்குப் பிறகு "மலரு" வரவில்லை. ஆனாலும் அவள் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை ம் கொட்டிக்கொண்டேதான் இருந்தாள். அவனுக்குக் கேட்காவிட்டால் போகிறது, தன் கணக்கில் ஒரு எட்டும் விட்டுப்போகக் கூடாது என்று அவளுக்கு ஒரு பிடிவாதம்.

அப்போதுதான் நிலைய இயக்குநர் ஒரு படிவத்தோடு வந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. இரண்டு நாளாகத் தூங்காத முகம். வீக்கம் இப்படியே வளர்ந்தால் பத்து நாளில் சுவரைத் தாண்டி ஊருக்குள் வந்துவிடும், பால் வாங்கப் போன பிள்ளை வீடு திரும்ப ஒரு வருஷம் நடக்க வேண்டியிருக்கும் என்றார். நாலாயிரம் பேர் இருக்கும் ஊர். அதனால் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வீக்கத்தின் வாயை இறுக்கி அறுத்துவிடப் போகிறார்கள். கூடம் பழையபடி நாற்பதடி ஆகிவிடும். உள்ளே இருக்கும் இடம் தனியாகப் பிரிந்துபோகும். எங்கே போகும் என்று கேட்டாள். எங்கேயும் போகாது, ஆனால் அதற்கு வாசல் இருக்காது என்றார். குடும்பத்தார் ஒருவர் சம்மதம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

மலர்க்கொடி படிவத்தை வாங்கி மடித்துக்கொண்டு, காலையில் தருகிறேன் என்று வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ரெபேக்கா கடைக்கு வந்தபோது, மலர்க்கொடி ஊதா ரவிக்கைத் துணியை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தைக்கவில்லை. மனசு ஆறாதபோது துணியைத் தடவிக்கொண்டிருப்பது அவள் வழக்கம். ரெபேக்கா உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்ததும் அழ ஆரம்பித்தாள். உண்மையில் மலர்க்கொடிதான் எழுந்து தண்ணீர் கொடுத்துத் தேற்ற வேண்டியிருந்தது.

அழுகை நின்றதும் மலர்க்கொடி, எப்படி அறுக்கப் போகிறீர்கள் என்று கேட்டாள்.

"சுருக்குப் பை வாயை இழுத்துக் கட்டுற மாதிரிக்கா. தூண்களை வச்சு இடத்தைச் சுத்திலும் இருந்து இழுத்து ஒண்ணாச் சேர்க்கலாம். வாய் மூடினதும் அது தானா அத்துப்போயிடும்."

"இழுத்துச் சேர்க்க முடியுமா? ரெண்டு ஓரத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு ஒட்ட முடியுமா?"

"முடியும்."

மலர்க்கொடி ஊதாத் துணியின் ஓரத்தை விரலால் மடித்துப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோலப் பேசினாள்.

"சுத்தளவு அதேதான். உள்ள மட்டும் துணி கூடிப்போச்சு. கூடுன துணியை என்ன பண்றதுன்னு தெரியாம வெட்டி எறியப் போறீக. அதான?"

ரெபேக்கா தலையாட்டினாள்.

"நான் இருபது வருசமா இதே வேலையத்தான பாக்குறேன், டாக்டரம்மா. துணி தட்டையா இருக்கு, ஒடம்பு உருண்டையா இருக்கு. ஒரு எடத்துல மிச்சம் விழும், ஒரு எடத்துல பத்தாது. மிச்சம் விழுந்தா வெட்டவா செய்றேன்? டாட் பிடிக்கிறேன், மிச்சத்த மடிச்சு உள்பக்கமாத் தச்சிர்றேன்."

துணியில் கோடு போடும் சாக்கட்டியை எடுத்தாள். வரைய வேறு காகிதம் கைக்கு எட்டவில்லை. மடித்து வைத்திருந்த படிவத்தைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில் ஒரு வட்டம் வரைந்தாள். வட்டத்துக்குள், நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு புள்ளி. ஓரத்தில் நாலு திசையிலிருந்தும் அந்தப் புள்ளியை நோக்கி நாலு கூர்மையான முக்கோணங்கள். ஒவ்வொரு முக்கோணத்தின் இரண்டு கோடுகளையும் ஒன்றாகச் சேர்த்தால், நடுவில் இருக்கும் மிச்சம் மடிப்புக்குள் போய்விடும், ஓரம் பக்கத்தில் வந்துவிடும். நாலு டாட் ரவிக்கைக்கு இதுதான் வழி. ஊதா ரவிக்கைக்கும் இதேதான் குறித்து வைத்திருந்தாள்.

ரெபேக்கா அதைப் பார்த்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டாள்.

"இதை நாங்களும் முதல் நாளே யோசிச்சோம்க்கா. மடிக்கலாம். ஆனா மடிப்பு முடியிற முனையில மொத்த வளைவும் ஊசி முனை மாதிரி குவிஞ்சிடுது. அந்த எடத்துல எது இருந்தாலும் கிழிஞ்சிடும். அங்கதான் அண்ணன் இருக்கார்."

"முனை வரைக்கும் ஏன் போறீக?"

"கணக்கு அங்கதான் சுத்தமா முடியும்."

மலர்க்கொடிக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது. புதிதாகத் தையல் பழக வருகிற பெண்கள் எல்லோரும் செய்கிற தப்பு அது. புள்ளி வைத்தால் புள்ளி வரைக்கும் தைத்தே தீருவார்கள். போட்டுப் பார்த்தால் நெஞ்சில் கொம்பு முளைத்ததுபோலக் குத்திக்கொண்டு நிற்கும்.

"புள்ளிக்கு ஒரு இஞ்சு முன்னாடி நிப்பாட்டிரணும். பருத்த ஒடம்புன்னா ஒண்ணரை. புள்ளி பாக்குறதுக்குத்தான், தைக்கிறதுக்கு இல்ல. அந்த ஒரு இஞ்சுல துணி தானா உருண்டு அமைஞ்சுக்கும். இன்னொண்ணு. முனையில வந்ததும் தச்சது மேலயே திருப்பி அடிச்சு இறுக்கக் கூடாது. தையலைக் கொஞ்சங்கொஞ்சமா ஓரத்துக்குக் கொண்டுபோயி, நூலை நீளமா விட்டு, கையால லேசா முடிச்சுப் போடணும்."

ரெபேக்கா படிவத்தின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையிலிருந்து பேனாவை எடுத்து, சாக்கட்டிக் கோடுகளுக்குப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். நாலு முனைகளும் ஒரே புள்ளியில் சந்திக்காமல் தள்ளித் தள்ளி நின்றால், நடுவில் மிஞ்சுவது மெதுவான ஒரு மேடு. மேட்டில் எதுவும் கிழியாது. தூண்களின் விசையைச் சட்டென்று நிறுத்தாமல் முனையை நெருங்கும்போது தணித்துக்கொண்டே போக வேண்டும், அதுதான் அக்கா சொல்கிற முடிச்சு. அரை மணி நேரம் அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். மலர்க்கொடி மெஷினைத் தொடவில்லை.

கடைசியில் ரெபேக்கா நிமிர்ந்தாள். கணக்கு வருகிறது, ஆனால் ஒரு சிக்கல் என்றாள். வாயை இறுக்குவதற்கு ஆள் எங்கே இருந்தாலும் ஒன்றுதான். டாட் பிடிக்க ஆள் இருக்கும் இடம் தெரிந்தாக வேண்டும். டார்ச் வெளிச்சம் ஐந்து வழியாக ஐந்து நேரத்தில் வருவதை வைத்து இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். தூண்களைத் திருப்பி அமைக்க ஒரு நாள் ஆகும். அந்த ஒரு நாளும் அவன் அசையாமல் இருக்க வேண்டும். நடந்துகொண்டே இருந்தால், நாளைக்கு மடிப்பின் முனை அவன்மேலேயே விழும்.

இயக்குநரிடம் ரெபேக்கா எப்படிப் பேசினாள் என்பது தனிக் கதை. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மேல் ஒரு நிமிஷமும் தரமுடியாது, டாட் பிடிபடவில்லை என்றால் வாயை இறுக்கிவிடுவேன் என்ற நிபந்தனையோடு அவர் ஒப்புக்கொண்டார். நிலையத்தின் மொத்த மின்சாரத்தையும் ஒரே ரேடியோவில் கொட்டினால் பத்து விநாடிக்கு அவளுடைய குரலை அவனிடமும் அவனுடையதை அவளிடமும் சேர்க்கலாம், அதற்குமேல் இயந்திரம் தாங்காது என்றார்கள்.

பத்து விநாடியில் என்ன சொல்வது? உங்களைக் காப்பாற்றப் போகிறோம், டாட் பிடிக்கப் போகிறோம் என்றெல்லாம் சொல்ல ஆரம்பித்தால், டாட் என்றால் என்ன என்று அவன் கேட்பதற்குள் நேரம் போய்விடும். எதைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அவன் நடக்கக் கூடாது. மூன்று நாளாக இவளை நோக்கி நடந்துகொண்டிருக்கும் மனுஷனிடம் வராதே என்று சொல்ல வேண்டும். அவள் மைக்கைப் பிடித்தாள்.

"நான் மலரு பேசுறேன். இனிமே நடக்காதீங்க. இருக்கிற எடத்துலயே உக்காருங்க. வெள்ளிக்கிழமை பதினொரு மணி வரைக்கும் எந்திரிக்கவே கூடாது. நான் சொல்றேன், உக்காருங்க."

இரைச்சல். அதற்குள்ளிருந்து, நூல்போல, அவன் குரல்.

"சரி." கொஞ்சம் இடைவெளி. "மோட்டாரை அணைச்சியா?"

அவள் பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

அடுத்த மணிக்கு வந்த டார்ச் வெளிச்சத்தை வைத்து அவன் இருக்கும் இடத்தைக் குறித்தார்கள். அதற்கு அடுத்த மணியும் அதே இடம். வியாழன் முழுக்க, வெள்ளி விடிந்து ஒன்பது, பத்து என்று ஆகும் வரைக்கும் அந்த வெளிச்சம் ஒரு முழம்கூட நகரவில்லை. அவளுடைய பேச்சை அவன் இவ்வளவு சரியாகக் கேட்டது கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை என்று மலர்க்கொடி ரெபேக்காவிடம் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பத்தேகாலுக்குத் தூண்கள் ஓட ஆரம்பித்தன. ஒன்பது கிலோமீட்டர் ஆழத்துக்கு வீங்கியிருந்த இடத்தில் எவ்வளவு முன்னால் நிறுத்துவது என்று ரெபேக்காவின் கணக்கு ஒன்று சொன்னது. மலர்க்கொடி திரையில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் விடுங்கள், பருத்த உடம்பு இது என்றாள். ஒன்றரை கிலோமீட்டர் விட்டார்கள். முதல் டாட் வடக்கிலிருந்து போனது. கதவு வழியாகப் பார்த்தால் சாம்பல் மங்கலில் ஒரு மெல்லிய கோடு, புடவை மடிப்பில் வெயில் பட்டதுபோல மின்னியது. இரண்டாவது. மூன்றாவது. நாலாவது டாட் முனையை நெருங்கும்போது இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து ஐம்பத்தெட்டு. விசையைத் தணித்துக்கொண்டே போனார்கள்.

தூண்கள் நின்றன. கூடத்தின் எதிர்ச் சுவர் தெரிந்தது. தூரத்தில்தான், ஆனால் தெரிந்தது. அதற்கு முன்னால் தரையில் ஒரு பொட்டு.

அந்தப் பொட்டு எழுந்து நிற்கவில்லை. பதினொரு மணி ஆகவில்லையே. மலர்க்கொடி கதவில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள், எட்டவில்லை, ரேடியோவிலும் இரைச்சல்தான். சரியாகப் பதினொரு மணிக்கு அது எழுந்தது. சுற்றுமுற்றும் பார்த்தது. இந்த முறை அவனுக்கு வாசல் ஒரே இடத்தில்தான் தெரிந்திருக்க வேண்டும், நேராக நடந்து வந்தான். நாற்பதடிக் கூடத்தில் அவன் நடந்து வர இருபத்தைந்து நிமிஷம் ஆனது. கையில் காலித் தண்ணீர் கேனைப் பிடித்திருந்தான். அதைப் போட்டுவிட்டு வரத் தெரியவில்லை மனுஷனுக்கு. அவன் முகம் தெரியும் தூரம் வந்ததும் அவள் ஓடிப்போய், பதினேழு வருஷத்தில் ஊரார் முன்னால் செய்யாத காரியமாக, அவனைக் கட்டிக்கொண்டாள்.

மிச்சமிருந்த மேடு ஒரு வாரத்தில் தானாகவே அமிழ்ந்துபோனது. நாலு மடிப்புகள் மட்டும் காற்றில் நாலு மயிரிழைக் கோடுகளாக நின்றன. உள்ளே கிலோமீட்டர் கணக்கில் இடம் மடிந்து கிடக்கிறது, அதை அறுத்து எறிந்துவிடலாம் என்று இயக்குநர் சொன்னார். மலர்க்கொடி விடவில்லை. டாட்டுக்குள் இருக்கும் துணியை யாராவது வெட்டுவார்களா, வெட்டினால் தையல் பிரிந்துகொள்ளும், பின்னால் பிரித்து விட வேண்டியிருந்தாலும் துணி இருக்காது என்றாள். அவள் பேச்சுக்கு இப்போது நிலையத்தில் மரியாதை கூடியிருந்ததால் விட்டுவிட்டார்கள். ரெபேக்காவின் ஊதா ரவிக்கை மட்டும் அதற்கு அப்புறமும் இரண்டு வெள்ளிக்கிழமை தள்ளித்தான் கிடைத்தது.

வாக்கி டாக்கியை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அது கடையில், நூல் கண்டுகளுக்குப் பக்கத்தில், மறந்துபோய்க் கிடந்தது. தீபாவளி வந்தது. மூட்டை மூட்டையாகத் துணி சேர்ந்து மலர்க்கொடிக்குத் தலை நிமிர நேரமில்லாத ஒரு பிற்பகல், அது கரகரத்தது.

"மலரு."

அவள் பழக்கத்தில் "ம்" என்றுவிட்டாள். பிறகுதான் ஊசி நின்றது. சுருளிவேல் அவளுக்கு எதிரில், அவளுடைய இன்னொரு மெஷினின் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் வாய் மூடியிருந்தது.

ரெபேக்கா வந்து கேட்டுவிட்டு விளக்கினாள். குரல் எட்டாமல் போன நேரத்தில் அவன் பேசியவை அழியவில்லை. வளைந்த இடத்துக்குள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன. மடிப்பு போட்டபோது அவற்றில் பாதி மடிப்புக்குள் மாட்டிக்கொண்டன. இப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகின்றன. முன்னது பின்னது என்று வரிசை இருக்காது, எத்தனை நாள் வரும் என்றும் சொல்ல முடியாது.

அன்றிலிருந்து கடையில் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை "மலரு" கேட்டது. குரல் எட்டாமல் போன புதன் பிற்பகலிலிருந்து, வியாழன் அவள் உட்காரச் சொல்லும் வரைக்கும் அவன் நூறு எட்டுக்கு ஒருமுறை விடாமல் கூப்பிட்டிருக்கிறான். துணி கொடுக்க வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சுருளிவேலுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பேட்டரியைக் கழற்றிவிடுகிறேன் என்றான். தொட்டால் கை இருக்காது என்றாள் அவள்.

நாலாம் நாள் காலை அவன் டீ வாங்கப் போயிருந்தான். கடையில் அவள் மட்டும். ரேடியோ வழக்கம்போல அவள் பெயரைச் சொன்னது. அவள் ம் கொட்டினாள். அது நிற்காமல் மேலே பேசியது.

"உக்காந்துட்டேன் மலரு. இது உனக்குக் கேக்காதுன்னு தெரியும். வெள்ளிக்கிழமை அறுத்து விடப் போறாகன்னு எனக்குப் புதன்கிழமையே தெரியும். உன் சத்தம் கேக்காமப் போறதுக்கு முன்னாடி, கன்ட்ரோல் ரூம்ல பேசிக்கிட்டது இதுல வந்துச்சு. நீ உக்காரச் சொன்னப்பவே புரிஞ்சுபோச்சு, கையெழுத்துப் போட்டுட்டன்னு. சரியாத்தான் செஞ்சிருக்க. ஊருல அம்புட்டுப் பேரு இருக்காக. நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன். அதை நெனச்சு நீ மருகிக்கிட்டுக் கெடக்காத. நான் எந்திரிக்க மாட்டேன். மோட்டாரை மட்டும் மறந்துறாத."

கரகரப்பு அடங்கியது. மலர்க்கொடி கையிலிருந்த துணி நழுவித் தரையில் விழுந்தது. அந்தப் பத்து விநாடி அவள் கண்முன் வந்தது. காப்பாற்றப் போகிறோம் என்று அவள் சொல்லவே இல்லை. அவன் அதை எப்படி எடுத்துக்கொள்வான் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஒரு நாள் முழுக்க, தன்னை வெட்டி விடுகிறார்கள், அதற்குப் பெண்டாட்டியே சம்மதம் கொடுத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு அந்த மனுஷன் அங்கே உட்கார்ந்திருந்திருக்கிறான். பயந்துபோய் எழுந்து நடந்திருந்தால் மடிப்பின் முனை அவன்மேல் விழுந்திருக்கும். ஒரு மணிக்கு ஒருமுறை டார்ச்சை மட்டும் தவறாமல் அடித்திருக்கிறான்.

சுருளிவேல் இரண்டு டம்ளர் டீயோடு வந்து வாசலில் நின்றான். அவள் முகத்தைப் பார்த்தான், ரேடியோவைப் பார்த்தான், புரிந்துகொண்டான்.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்றாள்.

"எப்படிச் சொல்றது? உன்னையப் போயி அப்படி நெனச்சுட்டேன்."

"நெனச்சீகல்ல. நெனச்சவுக எந்திரிச்சு நடந்திருக்க வேண்டியதுதான? எதுக்கு உக்காந்திருந்தீக?"

அவள் அழுதுகொண்டே கேட்டாள், அழுகையில் கோபமும் இருந்தது. சுருளிவேல் டீயை மேஜைமேல் துணி இல்லாத இடமாகப் பார்த்து வைத்தான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பதுபோல அவளைப் பார்த்தான்.

"நீதான உக்காரச் சொன்ன."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கீழே விழுந்த துணியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அவன் எதிரில் உட்கார்ந்து, பிரித்துப் போட்ட மோட்டாரைக் கையில் எடுத்தான்.

"மலரு" என்றது ரேடியோ.

"மலரு, டீ ஆறுது" என்றான் அவன், அதே நேரத்தில்.

"ம்" என்றாள் அவள், இரண்டு பேருக்கும் சேர்த்து.